கண்ணாடிக்குள் ஒரு பார்

1846ஆம் ஆண்டு இலண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைச் சார்ந்த வீடொன்றில் பணிப்பெண் ஒருத்திக்குப் புதுமையான வேலை ஒன்று ஒதுக்கப்பட்டிருந்தது. திறந்த சன்னலின் முன்னால் நின்றுகொண்டு ஒரு பாத்திரத்துக் கடல்நீரை மற்றொரு பாத்திரத்துக்குள் ஊற்ற வேண்டும். பிறகு அதையே திரும்ப ஊற்ற வேண்டும். நம்மூர்த் தேநீர்க்கடையில் ஆற்றுவதைப் போலத்தான், ஆனால் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வரை, நாள்தோறும். வீட்டின் தலைவி அன்னா தின், அவ்வாண்டு டார்க்கி கடற்கரைக்குச் சென்றிருந்தபோது பாறையிடுக்குகளில் கண்ட சிறு கல்பவளங்களைப் பெயர்த்தெடுத்து, ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்து, நீர் நிறைந்த சாடிக்குள் வைத்து இலண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார். பயணத்தின் குலுக்கலில் அவை ஒன்றோடொன்று மோதிச் சிதையாதிருக்க அந்தத் தையல். கரையிலிருந்து புதுக் கடல்நீரை ஓயாமல் வரவழைத்துக்கொண்டிருக்க முடியாது என்று கண்டபின் அவர் கண்டுபிடித்த வழி இந்த ஆற்றுதல். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் நீருக்குள் சேர்த்தார். பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தன, இனமும் பெருக்கின.

கடலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றில் இதை ஒரு தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். இதற்கு முன்பே, 1832 வாக்கில், சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் ழான் வில்ப்ரே பவர் என்ற பெண்மணி கண்ணாடித் தொட்டிகள் செய்து ஆர்கோனாட் என்னும் எண்காலியை ஆராய்ந்திருக்கிறார். தையல் வேலை செய்து வளர்ந்த பெண் அவர். அந்த உயிரி தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறது, வேறெதனிடமிருந்தும் திருடிக்கொள்வதில்லை என்பதை நிறுவியவர். ஆனால் அவருடைய தொட்டிகள் கடலோரத்தில் இருந்தன. கடலைக் காணாத நகரத்தில், அதே நீரைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் உயிர்களைக் காப்பாற்றியவர் அன்னா தின். அவர் காப்பாற்றியது மீன் அன்று, பவளம். இன்று வரவேற்பறையின் மூலையில் ஒரு சிறு பவளத் தொட்டியை அமைக்கிறவர், அலை எழுப்பும் மின்விசைக் கருவி ஒன்றை அதன் பக்கச் சுவரில் ஒட்டுகிறார். அந்தப் பணிப்பெண்ணின் இரு கைகள் செய்த வேலையைத்தான் அது செய்கிறது. அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய தொட்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. விளக்கு, உப்பு, மணல், பாறை என்று எதைத் தொட்டாலும் யாரோ ஒருவருடைய பிடிவாதமும், பெரும்பாலும் கடலுக்கு நேர்ந்த ஓர் இழப்பும் வெளிப்படும்.

நதானியேல் வார்ட் என்ற இலண்டன் மருத்துவர் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணிச் செடிகள் வாழ்வதை 1829இல் கவனித்தார். 1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன்களும் நீர்ச்செடியும் நத்தைகளும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை அறிவியல் சங்கத்தில் விளக்கினார். செடி உயிர்க்காற்றைத் தருகிறது, மீன் கரியமில வாயுவைத் தருகிறது, நத்தை அழுகியதைத் தின்கிறது, ஆகவே சமநிலை. அழகான கோட்பாடு. அக்காலத்து இறையியலுக்கும் உகந்தது, ஏனெனில் படைப்பின் ஒழுங்கை மேசைமேல் காட்டியது. பாதி உண்மையும்கூட. மறுபாதி என்னவென்று தெரியாமல்தான் அடுத்த நூறாண்டுகளுக்குத் தொட்டிகள் நாறிக்கொண்டிருந்தன.

இந்தக் கோட்பாட்டைக் கடலுக்குக் கொண்டுபோய், ஒரு தலைமுறையையே பித்தாக்கியவர் பிலிப் ஹென்றி காஸ். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் அவரும் ஒருவர். 1854இல் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை வெளியிட்டார். கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லுக்கு இன்றைய பொருள் நிலைத்தது அவரால்தான். நூலிலிருந்த வண்ணப்படங்களை அவரே வரைந்திருந்தார். செந்நிறக் கடற்சாமந்திகளும் பாசிகளும் பாறை முகடுகளும் கொண்ட அப்படங்களைப் பார்த்தவர்கள் அதே காட்சியைத் தம் வீட்டிலும் காண விரும்பியதில் வியப்பில்லை. இரயில் பாதைகள் கடற்கரைகளை எட்டிவிட்டிருந்த காலம் அது. கூடையும் உளியும் சுத்தியலுமாக மக்கள் டெவன் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். கரைக்குப் போக முடியாதவர்களுக்காக வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் இலண்டனில் கடையே திறந்தார். கடல்நீரும் கடற்சாமந்தியும் விலைக்குக் கிடைத்தன.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு செய்தி. 1856 கோடையில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் இல்ஃப்ரகோம் கடற்கரையில் குப்பிகளில் கடலுயிர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது உடனிருந்தவர் மேரி ஆன் எவன்ஸ். அவர் அந்தப் பாறைக் குட்டைகளைக் குனிந்து பார்த்துக் குறிப்பெழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் தம் முதல் புனைகதையைத் தொடங்கினார். ஜார்ஜ் எலியட் என்ற பெயர் பின்னாலேயே வந்தது. ஒரு சிறு குட்டைக்குள் நடப்பதைப் பொறுமையாகப் பார்க்கும் அந்தப் பயிற்சிக்கும் அவருடைய சிற்றூர் நாவல்களுக்கும் உறவிருக்கக்கூடும் என்பது என் ஊகம் மட்டுமே.

காஸ் ஆழ்ந்த சமயப் பற்றாளர். 1857 தொடக்கத்தில் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவ்வாண்டே, உலகம் தொல்லெச்சங்களோடு சேர்த்தே படைக்கப்பட்டது என்று வாதிடும் நூலை வெளியிட்டு, அறிவியலாளர், சமயவாதிகள் ஆகிய இரு தரப்பாராலும் ஒதுக்கப்பட்டார். சிறுவனான மகன் எட்மண்டை அழைத்துக்கொண்டு டெவன் கடற்கரையில் இடுப்பளவு நீரில் நின்று பாறைகளைத் துழாவினார். மகன் வளர்ந்து 1907இல் எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ ஆங்கிலத் தன்வரலாற்று நூல்களில் தலையாய ஒன்று. தந்தையும் தானும் கண்ட பாறைக் குட்டைகளின் எழில் இப்போது இல்லை என்று அந்நூலில் எட்மண்ட் பதிவு செய்கிறார். அதை அழித்தது வேறு யாரும் அல்லர். தந்தையின் நூல்களைப் படித்து நேசம் கொண்டு வந்த சேகரிப்பாளர் கூட்டம்தான். தன் எழுத்தால் விளைந்த இந்தப் பாழைத் தந்தை அறிந்திருந்தார், அது அவரை வருத்தியது என்றும் சொல்கிறார். கொண்டுபோன உயிர்களில் மிகுதியானவை சில நாட்களுக்குள் செத்திருக்கும். கடற்கரை வெறுமையானது, தொட்டிகளும் வெறுமையாயின, 1860களில் அந்த மோகமும் வடிந்தது.

தொட்டிகள் ஏன் தோற்றன? மீனும் பவளமும் கழிப்பது அமோனியா. அது நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு தீங்கானதன்று. உயிர்க்காற்று புகாத ஆழத்தில் வாழும் இன்னொரு வகை நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜனாகக் காற்றில் விட்டுவிடுகிறது. மண்ணில் நடக்கும் இந்தச் சுழற்சியின் நுண்ணுயிர்களை உருசியரான செர்கேய் வினோகிராட்ஸ்கி தனித்தெடுத்துக் காட்டியது 1890 வாக்கில். வாரிங்டனின் சமநிலையில் விடுபட்டிருந்த பாதி இதுதான். செடி போதாது, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குடிகள் வேண்டும், அவை குடியிருக்க இடம் வேண்டும். லாய்ட் இதை அறியாமலே நெருங்கியிருந்தார். 1871இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த பெரிய காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பல மடங்கு கொள்ளளவுள்ள இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றை அடியில் கட்டி, நீரை இடைவிடாமல் சுழலவிட்டார். இன்றைய பவளத் தொட்டிகளின் கீழே அலமாரிக்குள் மறைந்திருக்கும் ‘சம்ப்’ என்னும் துணைத்தொட்டி அதன் பேரப்பிள்ளை.

அதன்பின் நெடுங்காலம் கடல் தொட்டி என்பது கடலோர நிறுவனங்களின் உடைமையாகவே இருந்தது. 1872இல் அன்டோன் டோர்ன் நேப்பிள்ஸில் தொடங்கிய ஆய்வு நிலையமும், 1909இல் நம் சென்னை மெரினாவில் திறக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்ட காட்சியகமும் இந்த வரிசையில் வருபவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விமானப் போக்குவரத்தும் பைகளில் அடைத்த உப்புக் கலவையும் வந்து வெப்பமண்டல மீன்கள் மேலைநாட்டு வீடுகளை அடைந்தபோது, தொட்டியின் உள்ளே அழகுக்காக வைக்கப்பட்டவை பவளங்களின் எலும்புக்கூடுகள். கடலிலிருந்து வெட்டி, சதையை அழுகவிட்டு, வெளுப்புத்தூளில் ஊறவைத்துச் சுண்ணாம்பாய் வெளுத்தவை. பாசி படிந்தால் எடுத்து மீண்டும் வெளுப்பார்கள். நுண்ணுயிர் குடியேறும் போதெல்லாம் அதைக் கொன்று கழுவும் இந்த வழக்கத்தைத் தூய்மை என்று நம்பினார்கள். பவளத்தை அப்படிப் பிணமாகப் பார்ப்பதில் வடுவூர் முதல் வாஷிங்டன் வரை யாருக்கும் உறுத்தலில்லை. இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் சங்கு விற்ற கடைகளில் அது நினைவுப்பொருளாக அடுக்கியிருந்த காலம் ஒன்றுண்டு.

1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழொன்றில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவரின் கட்டுரை வெளிவந்தது. கடல்மீன் வளர்ப்பில் இயற்கையின் முறை என்பது அதன் பொருள். அவர் தொட்டியில் வடிகட்டி இல்லை. கடலிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளைக் கழுவாமல், வெளுக்காமல், அவற்றின்மேல் ஒட்டியிருந்த பாசிகள், புழுக்கள், கடற்பஞ்சுகள் அனைத்தோடும் அப்படியே உள்ளே அடுக்கினார். காற்றுக்குமிழிகள் மெல்ல எழுந்தன. வெப்பமண்டல வெயில் விழுந்தது. மீன்கள் மட்டுமன்றிப் பவளங்களும் வாழ்ந்தன. உயிர்ப்பாறை என்று இன்று சொல்லப்படுவது இதுதான். அதன் நுண்துளைகளின் மேற்பரப்பில் காற்றை விரும்பும் நுண்ணுயிர்களும், உள்ளாழத்தில் காற்றை வெறுப்பவையும் வாழ்கின்றன. வினோகிராட்ஸ்கியின் சுழற்சி முழுவதும் ஒரு தேங்காயளவுக் கல்லுக்குள் நடந்தேறுகிறது. அவரைப் பின்பற்றிய மேலைநாட்டு வளர்ப்பாளர் பலர் தோல்வியே கண்டனர். காரணம் எளியது: கல் விமானத்தில் வரும் வழியிலேயே பாதி செத்துவிடும், குளிர்நாட்டின் மங்கிய சன்னலில் அந்த வெயிலும் இல்லை.

வெயிலின் இன்றியமையாமையை அறிவியல் அறிந்துகொண்டதும் மெதுவாகத்தான். மொரிஸ் யாங் தலைமையில் 1928–29இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற குழு, பவளத்தின் சதைக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகளை விரிவாக ஆராய்ந்தது. இருட்டில் வைத்த பவளங்கள் தம் பாசிகளை இழந்தும் உயிரோடிருந்ததைக் கண்ட யாங், பவளம் விலங்கு, அது விலங்குணவையே உண்கிறது, பாசி அதற்கு உணவளிப்பதில்லை என்று கருதினார். பாசி தன் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பங்கு விருந்தோம்பிய விலங்குக்கே போகிறது என்பது 1950களின் இறுதியிலிருந்து லெனார்ட் மஸ்கட்டைன் முதலியோரின் ஆய்வுகளால்தான் தெளிந்தது. அதன்பின் பவளத் தொட்டியின் மேல் தொங்கும் விளக்கு வெறும் அலங்காரமாக இருக்க முடியாது. அதுவே அங்கு சமையல்.

லீயின் கல்லுக்கு உயிர் கொடுத்த நகரம் பெர்லின். 1970களிலும் 80களிலும் பீட்டர் வில்கென்ஸ், டீட்ரிச் ஸ்டூபர் முதலியோர் வகுத்த முறையில் மூன்றே அம்சங்கள் இருந்தன: நல்ல உயிர்ப்பாறை, வலிய விளக்கு, நீரில் நுரை எழுப்பிக் கரிமக் கழிவுகளை அந்த நுரையோடு வழித்தெடுக்கும் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்ற குழாய்க் கருவி. சர்க்கரை ஆலையில் கொதிக்கும் சாற்றின் அழுக்கு நுரையை வழிப்பதற்கு ஒப்பானது அது. பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும் என்பதற்காக வில்கென்ஸ் கையாண்ட பொருளைக் கேட்டால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள்: தெளிந்த சுண்ணாம்பு நீர். ஸ்டூபரின் தொட்டியில் ஓர் அக்ரோபோரா பவளம் செழித்தது. முருங்கைக் கொம்பை ஒடித்துக் கொடுப்பது போல அதன் கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தம் நண்பர்களுக்குக் கொடுத்தனர். வளர்ப்பாளர்கள் அதற்கு அவர் பெயரையே இட்டு அழைத்தார்கள். கடலிலிருந்து ஒரு முறை எடுக்கப்பட்டு, பிறகு வீடு வீடாகக் கைமாறிய பவளம் அது. சேகரிப்பின் வரலாறு பயிரிடுதலின் வரலாறாகத் திரும்பிய இடம் இதுவென்பேன். இதே காலத்தில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி, பாசிப் படுகைகளின் வழியே நீரைத் தூய்மையாக்கும் பவளத்திட்டு ஒன்றை 1980இல் மக்கள் பார்வைக்கு வைத்தார்.

சரி, இன்று ஒருவர் எண்பது லிட்டர் அளவில் சிறு தொட்டி அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கனிமங்கள் நீக்கப்பட்ட தூயநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைக்கிறார். வெப்பம் 25 பாகை செல்சியசு. முதலில் பாறை, பிறகே மணல். பாறைகளை அடிக்கண்ணாடியின் மேலேயே ஊன்ற வேண்டும். மணலின்மேல் வைத்தால், வளை தோண்டும் இறாலும் அதோடு வளையைப் பகிர்ந்து வாழும் கோபி மீனும் ஓரிரவில் அடியைப் பறித்துக் கோபுரத்தைச் சரித்துவிடும். பாறை அடுக்கும் கலையிலும் காலம் தெரிகிறது. விக்டோரியா காலத்தார் தோட்டங்களின் செயற்கைக் குகைகளைப் போலச் சிமெண்டால் முகடு கட்டினார்கள். 1980களில் பின்சுவரை மறைத்துப் பழக்கடையில் ஆரஞ்சு குவிப்பது போலக் கல்லைக் குவித்தார்கள். ஆனால் அந்தக் குவியலின் பின்னே நீர் ஓடாது, கழிவு தங்கும், சில ஆண்டுகளில் அது நஞ்சாகும். இப்போது கல் குறைவு, வெளி மிகுதி. இரண்டு சமமற்ற குன்றுகள், நடுவே ஒரு பள்ளத்தாக்கு, நாற்புறமும் கண்ணாடியைத் துடைக்கக் கை நுழையும் இடைவெளி, மீன் ஒளிய ஒன்றிரண்டு குகைகள். நன்னீர்த் தொட்டிகளில் ஜப்பானியக் கல்லடுக்கு மரபைப் புகுத்திய தகாஷி அமானோவின் செல்வாக்கு இதில் உண்டு. ஆனாலும் கடல் தொட்டியில் வெற்றிடத்துக்கு அழகியலைத் தாண்டிய காரணம் இருக்கிறது: பவளம் வளரும். விரல்நீளக் கிளை மூன்றாண்டில் தலையளவாகும். இன்று அடுக்குபவர் கண்ணுக்குக் காலியாகத் தெரிவது வரப்போகிறவற்றின் மனைநிலம். பக்கத்து வகையைக் கொட்டும் நீள்கரங்கள் கொண்ட பவளங்களுக்கு இன்னும் கூடுதல் தள்ளிவைப்பு வேண்டும். அண்டை வீட்டுச் சண்டை அங்கும் உண்டு.

பிறகு காத்திருப்பு. நாலைந்து வாரங்களுக்கு உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. அமோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும். மணலில் பழுப்புப் படலம் வரும். அது போய்ப் பச்சை வரும். அதன்பின் நத்தைகளை விடலாம். பொறுமையற்றவர் முதல் வாரத்திலேயே மீனை வாங்கி விட்டுக் கொல்கிறார். சிறிய தொட்டி எளிது என்பது பொதுவான மயக்கம்; உண்மை நேர்மாறானது. எண்பது லிட்டரில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானாலும் உப்பு அப்படியே நின்றுவிடுகிறது, ஆகவே உவர்ப்பு ஏறுகிறது. நாள்தோறும் நன்னீர்தான் ஈடுசெய்ய வேண்டும். செத்த நத்தை ஒன்று போதும், நீர் கெட. பிற்பகல் மின்தடை இரண்டு மணி நேரம் நீண்டால் வெப்பம் ஏறும், உயிர்க்காற்று குறையும். பெருங்கடல் நூற்றாண்டுகளில் காணும் மாற்றத்தைச் சிறுதொட்டி ஒரு பிற்பகலில் கண்டுவிடும்.

இந்தப் பண்புதான் அதை அறிவியலுக்கு உதவக்கூடியதாக்கிற்று. அரிசோனாப் பாலைவனத்தில் 1991இல் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடிய ‘பயோஸ்பியர் 2’ கண்ணாடி மாளிகையில் ஏறத்தாழ 26 லட்சம் லிட்டர் கொண்ட செயற்கைக் கடலும் பவளத்திட்டும் இருந்தன. மனிதரை அடைத்த சோதனை பலவகையிலும் கேலிக்குள்ளானது. ஆனால் பின்னர் அதே கடலில் கிறிஸ் லாங்டன் குழுவினர் நீரின் வேதியியலை மாற்றி அளந்தார்கள். காற்றில் கரியமில வாயு மிகுந்து கடல்நீர் அமிலத்தன்மை பெறப்பெறப் பவளத்திட்டு எலும்பு கட்டும் வேகம் குறைகிறது என்று 2000இல் வெளியிட்டார்கள். வாரிங்டன் இருந்திருந்தால் கவனித்துப் படித்திருப்பார்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1960களில் பிலிப்பைன்ஸில் மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடைப் பாறையிடுக்குகளில் பீய்ச்சும் வழக்கம் இந்த வணிகத்துக்காகவே தொடங்கிப் பரவியது. மயங்கிய மீன் கண்ணாடியைச் சேர்ந்தது, பாறை செத்தது. காஸின் வாசகர்கள் உளியால் டெவனில் செய்ததை அடுத்த நூற்றாண்டு குப்பியால் பசிபிக்கில் செய்தது. 1990 வாக்கில் கல்பவளங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவில் 2001இல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே இடத்தில், சேர்க்கப்பட்டன. ஆகவே தமிழ்நாட்டில் வீட்டுத் தொட்டியில் கல்பவளம் வளர்ப்பது குற்றம். இது மிகையான சட்டமன்று. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடக்கல்லுக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. அக்கரை மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்ததும் பார்களில்தான். ஈழத்தில் முருகைக்கல் என்று பெயரிட்டு வீடு கட்டினார்கள். மொழி அதைக் கல்லென்றே கண்டிருந்தது. உயிரென்று சட்டம் சொல்ல 2001 ஆகவேண்டியிருந்தது. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைகளைக் காங்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். ஸ்டூபர் பெர்லினில் செய்ததும் அதே ஒடித்து நடுதல்தான்.

தொட்டியிலிருந்து கடலுக்கு இந்தத் திரும்புதல் பிற இடங்களிலும் நடந்தது. ஃபுளோரிடாவில் கென் நெடிமயர் என்பவர் மீன் வணிகத்துக்காகக் கடலில் மூழ்கியவர். கடலடியிலிருந்து உயிர்ப்பாறை எடுப்பது 1990களில் அங்கே தடுக்கப்பட்டபோது, வெறுங்கற்களைக் கடலில் இட்டு உயிரேற்றிப் பிறகு விற்கும் பண்ணை ஒன்றை வைத்தார். மான்கொம்புப் பவளத்தின் குஞ்சுகள் அவர் கற்களில் தாமாக வந்து ஒட்டின. அரிதாகிவிட்ட அந்த இனத்தை எடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்தக் கல் அவருடையது. விற்காமல் ஒடித்து ஒடித்துப் பெருக்கினார். 2007இல் பவள மீட்புக்கான அறக்கட்டளையொன்றை நிறுவினார். இலண்டனில், அன்னா தின் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தில், ஜேமி கிராக்ஸும் துணைவர்களும் தொட்டிக்குள் பருவங்களை உண்டாக்கினார்கள்: பசிபிக்கின் ஆண்டு வெப்ப ஏற்றத்தாழ்வு, கதிரவன் எழும் நேரம், வளர்பிறை தேய்பிறை என அனைத்தும் கணினியால் இயக்கப்பட்டன. ஆண்டுக்கொருமுறை நிலவைக் கணக்கிட்டு முட்டையிடும் பவளங்கள் அந்தப் பொய்நிலவை நம்பி முட்டையிட்டன. 2017இல் முறையை வெளியிட்டார்கள். அதைத் துணைக்கொண்டு ஃபுளோரிடா அக்வேரியத்தார் 2019 ஆகஸ்டில் தூண்பவளத்தை ஆய்வகத் தொட்டியில் முட்டையிடச் செய்தனர். 2014இல் மயாமி அருகே தோன்றிப் பரவிய கொடுநோயால் அந்த இனம் ஃபுளோரிடாக் கடலில் அநேகமாக இல்லாமற் போயிருந்தது.

2023 சூலையில் அதே கரையின் மனாட்டி விரிகுடா மிதவையொன்றில் நீரின் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டிப் பதிவாயிற்று. ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் கடலடி நாற்றங்கால்களில் தொங்கவிட்டிருந்த பவளக் கிளைகளை, முழுகுவோர் அவசரமாக வெட்டியெடுத்துப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரிடா கீஸ் கடல் ஆய்வகத்தின் முற்றத்தில் வரிசையாக இருந்த தொட்டிகளில், குளிர்விக்கப்பட்ட நீரில், நிழல்வலையின் கீழ் அவை இறக்கப்பட்டன. நீரை ஓயாமல் அசைக்க விசைக்குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கிளைக்கும் எந்த இடத்திலிருந்து, எந்தத் தாய்க்கொடியிலிருந்து வந்தது என்று அட்டை கட்டப்பட்டிருந்தது. கடல் குளிரும் வரை அவை அங்கேயே இருந்தன.